மூச்சைக் கவனிப்பது யார் பொறுப்பு?

கொரோனா காலத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. விரலில் மாட்டினால் 98, 99 என்று ஓர் எண் தெரியும். எண் நன்றாக இருந்தால் மூச்சும் நன்றாக இருக்கிறது என்று நம்பப் பழகிவிட்டோம். அந்த நம்பிக்கை வீட்டில் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. ஆனால் எண்டோஸ்கோபி அறையில், தூக்க ஊசி போட்டுப் படுக்க வைத்திருக்கும் ஒரு நோயாளியின் மூச்சு பாதியாகக் குறைந்த பிறகும் அந்த எண் 99 என்றே காட்டக்கூடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நெஞ்சுக்குள் காற்று போய் வருகிறதா என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் நேர்ந்த மரணங்களும், அவற்றைத் தடுக்க எடுத்த முயற்சிகளும் சேர்ந்ததுதான் மயக்க மருந்துக் கண்காணிப்பின் வரலாறு. அந்த வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் ஒன்று தெளிவாகிறது: ஆபத்தை யாரும் அறியாததால் நோயாளிகள் இறந்ததைவிட, மூச்சைக் கவனிக்கும் வேலை யாருக்கும் தனியாக ஒதுக்கப்படாததால் இறந்ததே அதிகம்.

1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று, வடகிழக்கு இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகிலுள்ள வின்லேட்டன் என்ற ஊரில், கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் ஓரிரு நிமிடங்களில் இறந்துபோனாள். அவள் ஏன் இறந்தாள் என்பதில் அன்றைய பெரிய மருத்துவர்களே ஒத்துப்போகவில்லை. அவளைத் தெளிய வைக்க வாயில் ஊற்றிய பிராந்தியும் தண்ணீரும் மூச்சை அடைத்துவிட்டன என்றார் சிம்ப்சன். மருந்து நேராக இதயத்தை நிறுத்திவிட்டது என்றார் லண்டனின் ஜான் ஸ்னோ. இந்தக் கருத்து வேறுபாட்டிலிருந்து இரண்டு பழக்கங்கள் வளர்ந்தன. லண்டன் மருத்துவர்கள் நாடியில் விரலை வைத்துக்கொண்டு மருந்து கொடுத்தார்கள். ஜேம்ஸ் சைமின் வழிவந்த எடின்பரோ மருத்துவர்கள், நாடியை விடு, மூச்சைப் பார் என்றார்கள்.

இந்தச் சண்டையின் மிகத் தீவிரமான கட்டம் இந்தியாவில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. சைமின் மாணவரான எட்வர்ட் லாரி ஹைதராபாத் சமஸ்தானத்தில் ரெசிடென்சி மருத்துவராக இருந்தார். குளோரோஃபார்மில் எப்போதும் மூச்சுதான் முதலில் நிற்கும், இதயம் அதன் பிறகே நிற்கும், எனவே மூச்சை மட்டும் இமைக்காமல் பார்த்தால் யாரும் சாக மாட்டார்கள் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அதை நிரூபிக்க 1888-ல் ஓர் ஆய்வுக் குழு அமைந்தது. லண்டன் லான்செட் இதழ் அதன் முடிவை ஏற்கவில்லை. உடனே நிஜாம் மஹ்பூப் அலி கான், லான்செட் தன் சார்பில் ஒருவரை அனுப்பட்டும் என்று 1,000 பவுண்ட் கொடுத்தார். 1889-ல் லாடர் பிரண்டன் என்ற புகழ்பெற்ற மருந்தியல் அறிஞர் ஹைதராபாத் வந்து சேர்ந்தார். நாய், குரங்கு, குதிரை, ஆடு என்று நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகள்மேல் சோதனை நடந்தது. இதயமும் முதலில் நிற்கலாம் என்று நம்பிக்கொண்டு வந்த பிரண்டன், லாரி சொன்னதே சரி என்று லண்டனுக்குத் தந்தி கொடுத்தார். ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் படித்து அங்கேயே குளோரோஃபார்ம் கொடுப்பதில் தேர்ந்தவரும், உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராகக் கருதப்படுபவருமான ரூபா பாய் ஃபர்தூன்ஜி இந்தச் சூழலில் உருவானவர்தான்.

ஆனால் லாரியின் கொள்கை தவறானது. 1911-ல் குட்மன் லெவி, மயக்கம் லேசாக இருக்கும்போது குளோரோஃபார்ம் இதயத்தின் தாளத்தைக் குலைத்து ஒரே நொடியில் நிறுத்திவிட முடியும் என்று பூனைகளில் காட்டினார். ஹைதராபாத் முடிவு அத்துடன் மதிப்பிழந்தது, மருத்துவ வரலாற்று நூல்களில் அது ஒரு பிழையான ஆய்வாகவே இடம்பெறுகிறது. இந்தத் தீர்ப்பு பாதிதான் நியாயமானது என்று நினைக்கிறேன். லாரியின் விதி குளோரோஃபார்முக்குப் பொருந்தவில்லை. ஆனால் இன்று எண்டோஸ்கோபிக்குப் பயன்படும் மிடசோலம், ஃபென்டனில், புரொபோஃபால் ஆகியவற்றுக்குப் பெருமளவு பொருந்துகிறது. இவை ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்பது உண்மை. ஆனாலும் ஆரோக்கியமான நெஞ்சுள்ள ஒருவருக்கு முதலில் தளர்வது தொண்டைத் தசை, பிறகு மந்தமாவது மூளையின் மூச்சு உந்துதல், கடைசியில் ஆக்சிஜன் இல்லாமல் நிற்பது இதயம். அதோடு லாரியின் அறையில் மருந்து கொடுப்பவருக்கு வேறு வேலை கிடையாது. அறுவை மருத்துவர் என்ன செய்கிறார் என்று பார்க்காமல், மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிரு என்பதுதான் அவருக்கு இடப்பட்ட கட்டளை. கொள்கை தோற்றாலும் அந்த வேலைப் பங்கீட்டில் ஓர் உண்மை இருந்தது.

எண்டோஸ்கோபி இந்த மரபுக்கு வெளியே பிறந்தது. 1868-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியாக நேரான குழாயை இறக்கிப் பார்த்தார். 1932-ல் ருடால்ஃப் ஷிண்ட்லர், கருவி செய்பவரான கியோர்க் வுல்ஃபுடன் சேர்ந்து ஓரளவு வளையும் குழாயை உருவாக்கினார். அந்தக் காலத்தில் நோயாளியை முழுவதுமாகத் தூங்க வைப்பதில்லை. இடப்பக்கமாகப் படுக்க வைத்து, தொண்டையை மரத்துப்போகச் செய்து குழாயை இறக்குவார்கள். கழுத்து சரியான கோணத்தில் நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் கிழிந்துவிடும். அதற்காகவே நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருப்பார். ஷிண்ட்லருக்கு அந்த வேலையைச் செய்தவர் அவர் மனைவி கேப்ரியேல். மருத்துவப் பட்டம் இல்லாதவர். ஆனால் சோதனை முடியும்வரை நோயாளியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்து, தலையைத் தாங்கி, பேசி, அமைதிப்படுத்தியவர். அப்படிப்பட்ட ஒருவருக்குத் தெரியாமல் நோயாளியின் மூச்சு மாறிவிட முடியாது.

1954-ல் ஹெரால்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைகளின் கட்டு வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார்கள். 1957-ல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் மிச்சிகனில் அந்த இழையால் ஆன, நன்கு வளையும் எண்டோஸ்கோப்பை முதலில் தன் தொண்டையிலேயே இறக்கிப் பார்த்துவிட்டு நோயாளிகளிடம் பயன்படுத்தினார். குழாய் தானாக வளைந்ததால் தலையைப் பிடிப்பவர் தேவையில்லாமல் போனார். இழை வழி வரும் படம் மங்கல் என்பதால் அறை விளக்குகள் தணிக்கப்பட்டன. மருத்துவர் ஒரு கண்ணைக் கருவியின் முனையில் பதித்துக்கொண்டார். உதவியாளர் சதைத் துண்டு எடுக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த சில ஆண்டுகளில், 1963-ல், டயசெபாம் சந்தைக்கு வந்தது. ரத்த நாளத்தில் சிறிது செலுத்தினால் நோயாளி முரண்டு பிடிக்காமல் படுத்திருந்தார், நடந்தது அவருக்குப் பிறகு நினைவிலும் இல்லை. நோயாளியின் முகத்தருகே இருந்த ஒரே ஆள் விலகிய அதே காலத்தில்தான் அவருடைய மூச்சை மந்தமாக்கும் மருந்து அறைக்குள் நுழைந்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் அடுத்த முப்பது ஆண்டு விபத்துகளுக்கு இந்தப் பொருத்தமே அடித்தளம் என்பது என் முடிவு.

மிடசோலத்தின் கதை இதற்குச் சான்று. 1986-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த இந்த மருந்து டயசெபாமைவிட இரண்டு மூன்று மடங்கு வீரியமுள்ளது. ஆனால் ஊசி போட்டவுடன் அதன் முழு வேகமும் தெரியாது. நோயாளி இன்னும் தூங்கவில்லையே என்று அவசரப்பட்டு அடுத்த ஊசி போடப்படும்போது முதல் ஊசியே இன்னும் வேலையை முடித்திருக்காது. மூச்சு நின்று இறந்தவர்களைப் பற்றிய அறிக்கைகள் வரத் தொடங்கின, 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. அளவுகள் குறைக்கப்பட்டன, நிதானமாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. அந்த மருந்தின் எச்சரிக்கைப் பெட்டியில் இன்றும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தூங்க வைக்கப் பயன்படுத்தும்போதுதான் மூச்சு நிற்கும் ஆபத்து குறிப்பாக நேர்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. மருந்து இடம் பார்த்து வேலை செய்வதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இருக்கிறார். மற்ற இடங்களில் இல்லை. அந்த வாக்கியத்துக்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கைகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் எண்டோஸ்கோபி மருத்துவர் சங்கமும் சேர்ந்து 21,011 சோதனைகளை ஆராய்ந்து 1991-ல் வெளியிட்ட அறிக்கையில், இதயமும் மூச்சும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு 5.4 பேர், இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 0.3 பேர். இங்கிலாந்தின் இரண்டு வட்டாரங்களில் 14,149 இரைப்பை எண்டோஸ்கோபிகளைத் தொடர்ந்து பார்த்து 1995-ல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையானது: 2,000 பேருக்கு ஒருவர் மரணம், 200 பேருக்கு ஒருவருக்குச் சிக்கல். அந்த ஆய்வாளர்கள், கண்காணிப்பு இல்லாததற்கும் அதிக அளவு தூக்க மருந்துக்கும் இந்தச் சிக்கல்களோடு வலுவான தொடர்பு இருக்கிறது என்று நேராகவே எழுதினார்கள். இந்த எண்கள் சிறியவைதானே, லட்சக்கணக்கானோர் நலமாக வீடு திரும்புகிறார்களே என்று கேட்கலாம். திரும்புகிறார்கள், இன்றைய நிலை அன்றைவிட நல்லது என்பதும் சரி. ஆனால் எண்டோஸ்கோபிக்கு வருபவர்களில் மிகப் பலர் நெஞ்செரிச்சல், வயிற்றுவலி என்று வந்து அன்று மாலையே வீடு போக வேண்டியவர்கள். உயிரைக் காப்பாற்றும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு நாம் ஏற்றுக்கொள்ளும் ஆபத்தை ஒரு சோதனைக்கு ஏற்றுக்கொள்ள முடியாது.

அப்படியென்றால் கண்ணால் பார்த்தால் போதாதா? போதாது என்பது பழைய உண்மை. 1947-ல் ஜூலியஸ் காம்ரோவும் ஸ்டெல்லா பொட்டெல்லோவும் ஒரு சோதனை செய்தார்கள். தன்னார்வலர்களின் ரத்த ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, உடல் நீலம் பாய்வது எப்போது தெரிகிறது என்று சுற்றி நின்றவர்களிடம் கேட்டார்கள். செறிவு 80 சதவீதத்துக்கு இறங்கும்வரை பெரும்பாலோருக்குத் திட்டமாகத் தெரியவில்லை. நால்வரில் ஒருவருக்கு 71 முதல் 75 சதவீதத்திலும் தெரியவில்லை. இது நல்ல வெளிச்சத்தில், அதற்காகவே உற்றுப் பார்த்தவர்களின் கணக்கு. விளக்கணைத்த அறையில், நம்மைப் போன்ற கருத்த தோலில், போர்வைக்குள் பக்கவாட்டில் படுத்திருப்பவரிடம் அந்த நீலம் எங்கே தெரியப்போகிறது?

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்தது. ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் டக்குவோ அவோயாகி வேறொன்றை அளக்க முயன்றுகொண்டிருந்தார். காதில் ஒளியைப் பாய்ச்சி, ரத்தத்தில் கலந்த சாயத்தைக் கொண்டு இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று கணக்கிட நினைத்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. துடிப்பை இரண்டு நிற ஒளிகளால் கழித்துவிடப் பார்த்தால், ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் அந்தக் கழித்தல் பொய்த்தது. தொந்தரவு தந்த அந்தத் துடிப்புதான் ஆக்சிஜனைக் காட்டும் தடயம் என்று அவர் கண்டுகொண்டார். 1974-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1980களில் அமெரிக்க நிறுவனங்கள் அதை மேம்படுத்தின. ஆக்சிஜன் குறையக் குறைய ஒலியின் சுருதியும் இறங்கும் கருவி வந்தது, திரும்பிப் பார்க்காமலே காதால் அறிய முடிந்தது. மயக்கவியலின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்று இது. கருத்த தோலில் இது சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதும், கறுப்பின நோயாளிகளில் தெரியாமல் போகும் ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று 2020-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னதும் நாம் மறக்கக் கூடாதவை.

ஆனால் எண்டோஸ்கோபி அறையில் இந்தப் பரிசே புதிய மயக்கத்தைத் தந்தது. தூக்க மருந்து கொடுத்தவருக்கு மூக்கில் ஆக்சிஜன் வைப்பது நல்ல வழக்கம், வைக்கத்தான் வேண்டும். அப்படி வைத்தபின் நுரையீரல், நிரம்பிய மொட்டைமாடித் தொட்டியைப் போல் ஆகிவிடுகிறது: மோட்டார் நின்ற பிறகும் கீழே குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். சாதாரணக் காற்றை மட்டும் சுவாசிப்பவரின் மூச்சு நின்றால் ஓரிரு நிமிடத்தில் எண் சரியத் தொடங்கும். கூடுதல் ஆக்சிஜன் பெறுபவரிடம் அது தாமதமாகும். மூச்சு நிற்காமல் பாதியாகக் குறைந்தால் எண் கிட்டத்தட்ட அசையாது. அதற்குள் கார்பன்-டை-ஆக்சைடு இரட்டிப்பாகி நோயாளி இன்னும் ஆழமான மயக்கத்துக்குப் போவார். எண் இறங்கும்போது தொட்டி காலி, மிச்சமிருப்பது நொடிகள்தான். வெளிவிடும் காற்றில் உள்ள கார்பன்-டை-ஆக்சைடை அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் கேப்னோகிராஃப் இந்த இடைவெளியை நிரப்புகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஒரு மேடு எழுந்து இறங்கும். தொண்டை அடைத்து நெஞ்சும் வயிறும் மட்டும் வெறுமனே ஆடும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு அது மூச்சாகத் தெரியும். திரையில் மேடு இராது. கிளீவ்லாந்து மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் 49 நோயாளிகளிடம் மூச்சு நின்ற அல்லது குலைந்த 54 நிகழ்வுகள் கேப்னோகிராஃபில் பதிவாயின. பல்ஸ் ஆக்சிமீட்டர் பாதியைத்தான் காட்டியது. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க மயக்கவியல் சங்கம், மிதமான, ஆழ்ந்த தூக்கத்துக்கும் கேப்னோகிராஃப் வேண்டும் என்ற விதியை 2011 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எண்டோஸ்கோபி மருத்துவர்கள் பலர் இதை எதிர்த்தார்கள், அவர்கள் வாதத்தில் பொருள் இருக்கிறது. கருவி விலை அதிகம். வாய்வழி மூச்சு விடுபவரிடம் குழல் நழுவினால் பொய் எச்சரிக்கை அடிக்கும். அடித்துக்கொண்டே இருந்தால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். உடல்நலமுள்ளவர்களுக்கு மிதமான தூக்கத்தில் செய்யும் சாதாரணச் சோதனைகளில் கேப்னோகிராஃப் ஆக்சிஜன் குறைவைத் தடுக்கவில்லை என்று 2016-ல் வெளியான கிளீவ்லாந்து ஆய்வே சொன்னது. இதை நான் ஏற்கிறேன்: லேசான தூக்கத்தில் ஐந்து நிமிடச் சோதனைக்கும், புரொபோஃபால் கொடுத்துப் பித்தநாளக் கல்லை எடுக்கும் ஒரு மணி நேர வேலைக்கும் ஒரே விதி தேவையில்லை. ஆனால் அதே ஊரில் நடந்த 2009-ஆம் ஆண்டு ஆய்வு வேறு செய்தி சொல்கிறது. 247 நோயாளிகளுக்கும் கேப்னோகிராஃப் ஓடியது. ஒரு பிரிவில் மூச்சு மாறியவுடன் மருத்துவர் குழுவுக்குச் சொல்லப்பட்டது. மறு பிரிவில் மூச்சு நீண்ட நேரம் நின்றால் ஒழியச் சொல்லப்படவில்லை. ஆக்சிஜன் குறைந்தவர்கள் முதல் பிரிவில் 46 சதவீதம், இரண்டாவதில் 69 சதவீதம். இரண்டு பிரிவிலும் கருவி ஒன்றுதான். ஒருவர் பார்த்து, பார்த்ததை உரக்கச் சொன்னாரா என்பதில்தான் வித்தியாசம்.

இதை மயக்கவியலாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். 1986-ல் ஹார்வர்ட் மருத்துவமனைகள் வெளியிட்ட கண்காணிப்பு விதிகளைக் கருவிகளின் பட்டியலாக நினைவுகூர்வது வழக்கம். ஆனால் அவற்றின் அடிப்படை விதி கருவி பற்றியதல்ல: மயக்க மருந்து கொடுத்தவர் கடைசிவரை அந்த அறையிலேயே இருக்க வேண்டும். ஆள் இருப்பதும் போதாது. 2014-ல் நியூயார்க்கில் நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் புரொபோஃபால் தூக்கத்தில் எண்டோஸ்கோபியின்போது மூச்சு நின்று, ஒரு வாரம் கழித்து இறந்தபோது அந்த அறையில் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். அவருடைய உடல்நிலை சரிவதை உரிய நேரத்தில் கவனித்துச் செயல்படவில்லை என்று அரசு ஆய்வு அறிக்கை குறிப்பிட்டது.

தூக்க ஊசியே வேண்டாம், தொண்டையில் ஸ்பிரே அடித்தால் போதும் என்பவர்களும் உண்டு. நம் ஊரில் சாதாரண இரைப்பை எண்டோஸ்கோபி பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது மிகப் பாதுகாப்பான வழி. ஆனால் குழந்தைகளுக்கும், பெருங்குடல் சோதனையில் வலி தாங்காதவர்களுக்கும், நீண்ட நேரச் சிகிச்சைகளுக்கும் தூக்கம் தேவை. அதை மறுப்பது நோயாளியைத் துன்புறுத்துவது. இவர்களுக்காகத்தான் விதி வேண்டும். எண்டோஸ்கோப்பைப் பிடித்திருப்பவரும், கருவிகளை எடுத்துக் கொடுப்பவரும் தவிர மூன்றாவதாக ஒருவர், பயிற்சி பெற்றவர், மூச்சைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவர், இருக்க வேண்டும். ஆழ்ந்த தூக்கமானால் அவர் மயக்கவியல் மருத்துவராக இருக்க வேண்டும், அவர் முன் கேப்னோகிராஃப் ஓட வேண்டும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ தூக்க ஊசி போட்டு எண்டோஸ்கோபி செய்யச் சொன்னால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சோதனை நடக்கும்போது மூச்சைப் பார்த்துக்கொள்ளப்போவது யார், டாக்டர்? அவருக்கு அப்போது வேறு வேலை இருக்குமா?" குறட்டை விடும் பழக்கமோ, தூக்கத்தில் மூச்சடைப்போ, உடல் பருமனோ, நுரையீரல் நோயோ இருந்தால் அதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.